வாடிக்கையாளர் எழுதும் லுவா ஸ்கிரிப்டுக்கு எச்டிடிபி கொடுக்கலாம், ஆனால் பூட்டை எங்கே போடுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கும் புரியட்டும். கோ மொழியில் எழுதிய பில்லிங் சாஃப்ட்வேர். அதற்குள் கோஃபர்-லுவாவை (கோ நிரலுக்குள் லுவா மொழியை ஓட்டும் லைப்ரரி) பதித்து, வாடிக்கையாளர்களே சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ள விட்டிருக்கிறார்கள். இப்போது இன்வாய்ஸ் சேவ் ஆனதும் எஸ்எம்எஸ் போக வேண்டும், கூரியர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள், அதற்கு ஸ்கிரிப்டிலிருந்து எச்டிடிபி கூப்பிட வழி வேண்டும். கொடுத்தால் யாரும் உள் நெட்வொர்க்கை நோண்டாமல் எப்படித் தடுப்பது? யூஆர்எல்லை ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் விதி) வைத்துச் சோதித்தால் போதுமா?

போதாது. அது பாதிப் பாதுகாப்புகூட இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் மீதியை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

முதலில் உங்களுக்குச் சாதகமான விஷயம். லுவா 1993-இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த நாளிலிருந்து வேறொரு நிரலுக்குள் உட்கார்வதற்காகவே வளர்ந்த மொழி. அதன் அடிப்படை லைப்ரரியில் நெட்வொர்க் என்ற பேச்சே கிடையாது. சாக்கெட் வேண்டுமென்றால் வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்ட வேண்டும். ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் தன் 2.6 பதிப்பில் லுவா ஸ்கிரிப்டைச் சேர்த்தபோது நெட்வொர்க் எதையும் கொடுக்கவே இல்லை. ஸ்கிரிப்ட் ஓடி முடியும்வரை சர்வர் வேறு கமாண்டைப் பார்க்காது என்கிற இடத்தில் வெளியே ஒரு ரிக்வெஸ்ட்டை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது நடக்கிற காரியமில்லை. ரோப்ளாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம் கொடுக்கிறது, ஆனால் சர்வர் பக்கத்து ஸ்கிரிப்டுக்கு மட்டும், விளையாட்டை உருவாக்கியவர் தானே போய் அந்த வசதியை ஆன் செய்தால் மட்டும், அதிலும் நிமிடத்துக்கு 500 ரிக்வெஸ்ட் என்ற வரம்போடு. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுகிற டெனோவில் நாமாக அனுமதி கொடுத்தால்தான் நெட்வொர்க், எந்த ஹோஸ்டுக்குப் போகலாம் என்று கமாண்ட் வரியிலேயே பெயர் சொல்லியும் கொடுக்கலாம். ஆக, ஸ்கிரிப்ட் வெறுங்கையோடுதான் பிறக்கிறது, அதன் கையில் நீங்கள் எந்த ஃபங்ஷனைக் கொடுக்கிறீர்களோ அதுதான் அதற்கு இருக்கிற மொத்த அனுமதி.

இதில் ஒரு நிபந்தனை உண்டு: பின்வாசல் திறந்திருக்கக் கூடாது. கோஃபர்-லுவாவில் ஸ்டேட் உருவாக்கும்போது எல்லா லைப்ரரியையும் தானாகத் திறக்காதே என்று ஆப்ஷனில் சொல்லிவிடுங்கள். அடிப்படை, டேபிள், ஸ்ட்ரிங், மேத் நான்கையும் மட்டும் கையால் திறங்கள். ஐஓ, ஓஎஸ், டீபக், பேக்கேஜ் எதுவும் வேண்டாம். அடிப்படை லைப்ரரியோடு டூஃபைல், லோட்ஃபைல் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும், அவற்றை நில் (லுவாவின் வெற்று மதிப்பு) ஆக்கிவிடுங்கள். ஓஎஸ் லைப்ரரியில் எக்ஸிக்யூட் இருந்தால் அது நேராக, எச்டிடிபி ரிக்வெஸ்ட் அனுப்புகிற கர்ல் கமாண்டை ஓட்டிவிடும், அப்புறம் நாம் கீழே பேசப்போகிற எதற்கும் அர்த்தமில்லை.

சரி, ரெஜெக்ஸுக்கு வருவோம். யூஆர்எல் என்பது வெறும் எழுத்து. அந்த எழுத்து எந்த மெஷினில் போய் முடிகிறது என்பதை முடிவு செய்வது உங்கள் ரெஜெக்ஸ் அல்ல. யூஆர்எல்லைப் பிரிக்கிற பார்சர், பெயரை எண்ணாக மாற்றுகிற டிஎன்எஸ், நடுவில் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுகிற ரீடைரக்ட், இந்த மூன்றும் சேர்ந்துதான். மூன்றுமே உங்கள் சோதனையைச் சுற்றிக்கொண்டு போக வழி தருகின்றன.

பார்சரை எடுங்கள். 127.0.0.1 என்பதைத் தடுத்துவிட்டீர்கள் என்று வைப்போம். 2130706433 என்ற ஒற்றை எண்ணும் அதே முகவரிதான், 127.1 என்பதும் அதேதான், 0177.0.0.1 என்று எட்டை அடியாகக் கொண்ட (ஆக்டல்) முறையில் எழுதினாலும் பழைய யூனிக்ஸ் வழக்கப்படி அதேதான். கோ மொழியின் ஐபி பார்சர் இவற்றை ஐபி என்று ஏற்காது, நல்லது. ஆனால் ஏற்காததால் அதை ஒரு ஹோஸ்ட் பெயர் என்று நினைத்து, பெயருக்கு ஐபி தேடித் தருகிற ரிசால்வரிடம் அனுப்பும். அந்த நிரலைக் கட்டிய விதத்தைப் பொறுத்து ரிசால்வர் கோவின் சொந்த ரிசால்வராக இருக்கலாம், ஆபரேட்டிங் சிஸ்டத்தினுடையதாகவும் இருக்கலாம். சிஸ்டத்தின் ரிசால்வர் அந்த எண்ணைச் சந்தோஷமாக 127.0.0.1 ஆக மாற்றித் தந்துவிடும். உங்கள் லேப்டாப்பில் பாஸ் ஆன டெஸ்ட் சர்வரில் வேறு மாதிரி நடக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இது போக ஐபிவி6-இல் ::1 இருக்கிறது, ஐபிவி4 முகவரியை ஐபிவி6 உடையில் எழுதுகிற வடிவம் இருக்கிறது, லினக்ஸில் 0.0.0.0-க்குக் கனெக்ட் செய்தாலும் சொந்த மெஷினுக்கே போகிறது. இப்படி வடிவங்களைத் தேடித் தேடி ரெஜெக்ஸில் சேர்த்துக்கொண்டே இருந்தால் அதற்கு முடிவே கிடையாது.

அனுமதிப் பட்டியல் வைத்தாலும் எழுத்தை வைத்து ஒப்பிட்டால் இதே கதைதான். எக்ஸாம்பிள்.காம் என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்தால், முன்னால் எதையாவது ஒட்டி யாரோ வாங்கிய புதுப் பெயரும் அப்படியே முடியும். புள்ளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யூஆர்எல்லில் அட் குறிக்கு முன்னால் வருவது யூசர் பெயர்தான், ஹோஸ்ட் அதற்குப் பின்னால் இருக்கிறது. அனுமதித்த பெயரை முன்னால் எழுதி, அட் குறி போட்டு, தன் சர்வரைப் பின்னால் எழுதினால், "இதில் தொடங்குகிறதா" என்று பார்க்கிற ரெஜெக்ஸ் தலையாட்டிவிடும்.

டிஎன்எஸ் இன்னும் மோசம். நீங்கள் கவனமாகப் பெயரை ரிசால்வ் செய்து, வந்த ஐபி பொது முகவரிதானா என்று பார்த்து, அப்புறம் எச்டிடிபி கிளையன்டிடம் யூஆர்எல்லைக் கொடுக்கிறீர்கள். கிளையன்ட் என்ன செய்கிறது? அந்தப் பெயரை மறுபடி ஒருமுறை ரிசால்வ் செய்கிறது. அந்த டொமைனின் டிஎன்எஸ் சர்வர் எதிராளியின் கையில் இருக்கிறது, பதிலின் ஆயுள் 0 நொடி என்று வைத்திருக்கிறார். முதல் தடவை ஒழுங்கான முகவரி தந்தவர் இரண்டாவது தடவை 10.0.0.5 தருகிறார். சோதித்தது ஒரு வீடு, கதவைத் தட்டியது வேறு வீடு. இதற்கு டிஎன்எஸ் ரீபைண்டிங் என்று பெயர்.

ரீடைரக்டும் அப்படியே. ஸ்கிரிப்ட் கூப்பிட்டது முறையான வெளி முகவரி. அங்கிருந்து 302 என்ற ரீடைரக்ட் பதில் வருகிறது, எங்கே போகச் சொல்கிறது என்று பார்த்தால் உங்கள் உள் நெட்வொர்க் முகவரி. கோவின் எச்டிடிபி கிளையன்ட் கேட்காமலேயே 10 ரீடைரக்ட் வரை பின்தொடரும்.

இவ்வளவும் சேர்ந்து காட்டுவது ஒன்றுதான்: எந்த ஐபியோடு கனெக்‌ஷன் திறக்கப்போகிறோம் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிகிற ஒரே கணம், சாக்கெட் கனெக்ட் ஆவதற்குச் சற்று முந்தைய கணம். பூட்டை அங்கே போட வேண்டும். கோ மொழியில் அதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். நெட் பேக்கேஜின் டயலரில் கன்ட்ரோல் என்று ஒரு ஃபீல்ட் உண்டு, 1.11 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதில் நீங்கள் வைக்கிற ஃபங்ஷன், பெயர் ரிசால்வ் ஆகி சாக்கெட் உருவான பிறகு, கனெக்ட் நடப்பதற்கு முன்னால் கூப்பிடப்படும். அதன் கைக்கு வருவது பெயர் அல்ல, ஐபியும் போர்ட்டும். பெயருக்கு நான்கு ஐபி இருந்து ஒவ்வொன்றாக முயன்றால் ஒவ்வொன்றுக்கும் கூப்பிடப்படும். எரர் திருப்பினால் அந்தக் கனெக்‌ஷன் அத்தோடு முடிந்தது. எண் வடிவ வித்தை, ரீபைண்டிங், ரீடைரக்ட் எல்லாமே கடைசியில் இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்த ஃபங்ஷனுக்குள் என்ன இருக்க வேண்டும் என்றால்: முகவரியைப் பிரித்து, ஐபிவி6 உடையில் வந்த ஐபிவி4 என்றால் நெட்ஐபி பேக்கேஜின் அன்மேப் கொண்டு உடையைக் கழற்றி, லூப்பேக் (சொந்த மெஷின்), பிரைவேட் (உள் நெட்வொர்க்), லிங்க்-லோக்கல் (169.254 வரிசை போன்றவை), மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கே அனுப்புவது), குறிப்பிடாத முகவரி (0.0.0.0) ஐந்தையும் மறுக்க வேண்டும். இவற்றுக்கு அந்தப் பேக்கேஜிலேயே ஆயத்தமான ஃபங்ஷன்கள் உள்ளன. ஆனால் ஐஸ்பிரைவேட் என்பது 10, 172.16, 192.168 வரிசைகளையும் ஐபிவி6-இன் அதற்கு நிகரான வரிசையையும் மட்டும்தான் பார்க்கும், 100.64.0.0/10 அதில் வராது. அந்த வரிசையை உள் நெட்வொர்க்குக்குப் பயன்படுத்துகிற இடங்கள் நிறைய இருப்பதால் அதை நீங்களே சேருங்கள். போர்ட் 443 தவிர வேறு வேண்டாம், ரொம்பத் தேவைப்பட்டால் 80.

இந்த இடத்தில் ஒரு குழி இருக்கிறது. ஸ்கிரிப்டுக்கான டிரான்ஸ்போர்ட்டை (எச்டிடிபி கிளையன்டுக்குள் டயலரை வைத்திருக்கும் பகுதி) தனியாக உருவாக்காமல் டீஃபால்ட் டிரான்ஸ்போர்ட்டை குளோன் செய்து டயலரை மட்டும் மாற்றினால், பிராக்ஸி (ரிக்வெஸ்ட்டை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்) அமைப்பும் கூடவே வந்துவிடும், அது சூழல் மாறியிலிருந்து பிராக்ஸியை எடுத்துக்கொள்ளும். சர்வரில் பிராக்ஸி அமைத்திருந்தால் உங்கள் கன்ட்ரோல் ஃபங்ஷனுக்குத் தெரிவது பிராக்ஸியின் முகவரி மட்டுமே, உண்மையான இலக்கை அது பார்க்கவே பார்க்காது. ஆகவே பிராக்ஸி ஃபீல்ட் நில் ஆக இருக்க வேண்டும். உங்கள் அப்ளிகேஷன் தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்தும் கிளையன்டையும் ஸ்கிரிப்டின் கிளையன்டையும் ஒருபோதும் ஒன்றாக்காதீர்கள்.

சி மொழியில் லிப்கர்ல் (கர்லின் லைப்ரரி) வைத்து இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு: சாக்கெட் திறக்கும்போது உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடுகிற ஆப்ஷன் அதிலும் உண்டு, முகவரி அதற்குள் வரும், அங்கேயே மறுக்கலாம். கூடவே எந்தெந்த புரோட்டோகால் என்பதையும் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டோடு நிறுத்துங்கள். கர்லுக்கு ஃபைல், டிக்ட், கோஃபர் எல்லாம் தெரியும். கோஃபர் என்ற பழைய புரோட்டோகால் வழியாக (கோஃபர்-லுவாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) நினைத்த பைட்டுகளை நினைத்த போர்ட்டுக்கு அனுப்பலாம், பாஸ்வேர்ட் இல்லாத ஒரு ரெடிஸ் உள்ளே இருந்தால் அதற்குக் கமாண்டே கொடுத்துவிடலாம்.

எதற்கு இவ்வளவு பயம் என்று தோன்றினால் 2019-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கேபிடல் ஒன் வங்கியின் தரவு அந்த வருடம் கசிந்தது, அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர். தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வாலைக் கொண்டு மெட்டாடேட்டா சேவையிடமிருந்து தற்காலிகச் சாவிகளை வாங்கியதுதான் அதற்கு வழி. கிளவுட் மெஷின்களில் 169.254.169.254 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கிற சேவை அது. அமேசானில் அன்று மெஷினுக்குள் இருந்து யார் கேட்டாலும் பதில் சொல்லிவிடும். அதே வருடம் நவம்பரில் அமேசான் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது: முதலில் புட் என்ற எச்டிடிபி முறையில் ஒரு டோக்கன் வாங்கி, அதை ஹெடரில் வைத்துக் கேட்டால்தான் பதில். ஒரு யூஆர்எல்லை மட்டும் மாற்ற முடிகிற எதிராளியை இது தடுத்துவிடும். ஆனால் உங்கள் நிலைமை வேறு. பொதுவான எச்டிடிபி ஃபங்ஷனைக் கொடுத்தால் முறையையும் ஹெடரையும் தேர்ந்தெடுக்கிற உரிமையும் ஸ்கிரிப்டுக்குப் போய்விடும், அதை எழுதுகிறவர் புட் அனுப்பி டோக்கன் வாங்கி ஹெடரில் வைத்து ஒழுங்காகவே கேட்டுவிடுவார். இரண்டாம் பதிப்பு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இனி எதைக் கொடுப்பது என்பது. என் கருத்தில், எந்த யூஆர்எல்லையும் ஏற்கிற கெட் ஃபங்ஷனை ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கவே கூடாது. அதற்குப் பதிலாக நிர்வாகப் பக்கத்தில் வாடிக்கையாளர் இலக்குகளைப் பதிவு செய்யட்டும்: "எஸ்எம்எஸ்" என்று ஒரு பெயர், அதன் அடிப்படை யூஆர்எல், அதன் ஏபிஐ சாவி, எந்த முறைகள் செல்லும் என்பது. ஸ்கிரிப்ட் அந்தப் பெயரைச் சொல்லி, பாதையையும் பாடியையும் (அனுப்ப வேண்டிய தரவு) மட்டும் கொடுக்கும். சாவியை ஹெடரில் வைப்பது உங்கள் கோ நிரலின் வேலை, ஸ்கிரிப்ட் அதைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஸ்கிரிப்டை இன்னொருவருக்குக் காப்பி செய்து கொடுத்தாலும் சாவி கூடப் போகாது. பாதையை ஒட்டும்போது எழுத்தோடு எழுத்தாக ஒட்டாமல் யூஆர்எல் பேக்கேஜைக் கொண்டு சேருங்கள், சேர்த்த பிறகு ஹோஸ்ட் மாறவில்லை என்று ஒருமுறை பாருங்கள். ஹோஸ்ட் பட்டியலில் இருக்கிறதா என்ற சோதனை டிஎன்எஸ் கேட்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். காரணம் இருக்கிறது: வாடிக்கையாளர் பெயரையோ தொகையையோ ஒரு டொமைனின் முன்பகுதியாக ஒட்டி, அதை ரிசால்வ் செய்ய வைத்தாலே போதும், அந்த டிஎன்எஸ் சர்வரின் பதிவில் தரவு போய் விழுந்துவிடும், கனெக்‌ஷனே தேவையில்லை.

ரீடைரக்டைத் தானாகப் பின்தொடர வேண்டாம் என்று கிளையன்டில் சொல்லிவிட்டு, 302-ஐ அப்படியே ஸ்கிரிப்டிடம் கொடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் அது மறுபடி கூப்பிடட்டும், எல்லாச் சோதனையும் மறுபடி நடக்கும். இதில் சாவி சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு: கோ மொழி வேறு டொமைனுக்கு ரீடைரக்ட் ஆகும்போது ஆத்தரைசேஷன், குக்கி ஹெடர்களைக் கழற்றிவிடும், ஆனால் நீங்களாகப் பெயர் வைத்த ஏபிஐ சாவி ஹெடர் அதற்குச் சாதாரண ஹெடர்தான், அதைக் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது நேரம். இதில் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதே அமைப்புதான். ஸ்கிரிப்டுக்கு 2 நொடி வரம்பு வைத்திருந்தோம், சோதித்தும் பார்த்திருந்தோம், முடிவில்லாத லூப் எழுதினால் சரியாக 2 நொடியில் நின்றது. ஒரு மதியம், வேலை வரிசையைக் கவனிக்கிற அத்தனை வொர்க்கர் நிரல்களும் நின்றுபோயின. ஒரு வாடிக்கையாளரின் கூரியர் சர்வர் கனெக்‌ஷனை ஏற்றுக்கொண்டு பதிலே சொல்லாமல் இருந்திருக்கிறது, அவருடைய ஒவ்வொரு இன்வாய்ஸும் ஒரு வொர்க்கரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. 2 நொடி வரம்பு என்னவாயிற்று? கோஃபர்-லுவாவில் ஸ்டேட்டுக்கு ஒரு கான்டெக்ஸ்ட் (நேர வரம்பைச் சுமக்கும் கோ மதிப்பு) கொடுத்தால், அது லுவாவின் ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கும் இடையில்தான் நேரம் முடிந்ததா என்று பார்க்கிறது. கோ மொழியில் எழுதிய நம் எச்டிடிபி ஃபங்ஷனுக்குள் போய்விட்டால், லுவாவுக்கு அது ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன். அது திரும்பி வரும்வரை யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கோவின் எச்டிடிபி கிளையன்டுக்கோ டைம்அவுட் என்பது நாமாக வைத்தால்தான் உண்டு, நாங்கள் வைத்திருக்கவில்லை. சரிசெய்தது ஒரே வரி: ஸ்டேட்டிலிருந்து அதே கான்டெக்ஸ்டை எடுத்து ரிக்வெஸ்ட்டை அதோடு உருவாக்குவது. சி மொழி லுவாவிலும் இதே குணம்தான், இத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஒருமுறை என்று ஹூக் வைத்தாலும் சி ஃபங்ஷன் உள்ளே தூங்கும்போது ஹூக் எழாது.

எஞ்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்குள் லுவா ஓட்டுகிற ஓபன்ரெஸ்டியில் இதற்கு இன்னொரு முகம் உண்டு: அங்கே சாதாரண லுவாசாக்கெட்டைப் பயன்படுத்தினால் அந்த வொர்க்கர் புரொசஸ் முழுதும் நின்றுவிடும், அதில் இருக்கும் மற்ற எல்லாருடைய ரிக்வெஸ்டும் காத்திருக்கும். அதற்காகத்தான் அவர்களே கோசாக்கெட் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள், காத்திருக்கிற நேரத்தில் அந்த ஸ்கிரிப்டின் ஓட்டத்தை (கோருட்டீன்) ஒதுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கும்.

பதிலின் அளவையும் கட்ட வேண்டும். கன்டென்ட்-லெங்த் ஹெடரை நம்பாதீர்கள், அது எதிர்ப்பக்கம் சொல்கிற பேச்சு மட்டுமே. கோவின் டிரான்ஸ்போர்ட் ஜிஜிப் பதிலைத் தானே விரித்துக் கொடுக்கும். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் அந்த முறையில் ஆயிரம் மடங்கு வரைகூட சுருக்கலாம், 1 எம்பி வந்து இறங்கி 1 ஜிபியாக விரியும். ஆகவே விரித்த பிறகு வருகிற பாடியின் மேல், இத்தனை பைட்டோடு நிறுத்துகிற லிமிட் ரீடரை வையுங்கள். அனுமதித்த அளவைவிட ஒரு பைட் கூடுதலாகப் படித்துப் பாருங்கள், அந்த ஒரு பைட்டும் வந்துவிட்டால் எரர் கொடுங்கள். பாதியில் வெட்டிய ஜேசனை ஸ்கிரிப்டிடம் கொடுத்தால் வாடிக்கையாளர் காரணம் புரியாமல் நாள் முழுக்கத் தேடுவார். உங்கள் மாதிரி வேலைக்கு 1 எம்பி தாராளம். ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டத்துக்கு 5 அழைப்பு, ஒரு வாடிக்கையாளருக்கு நிமிடத்துக்கு இத்தனை, ஒரே நேரத்தில் இத்தனை என்று மூன்று எண்களையும் முதல் நாளே வைத்துவிடுங்கள். பின்னால் கூட்டுவது சுலபம். குறைத்தால் யாருடைய வேலையாவது நின்றுபோகும்.

எரரைப் பற்றி ஒன்று. "கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது", "டைம்அவுட்", "இப்படி ஒரு ஹோஸ்ட் இல்லை" என்று உள்ளே நடந்ததை அப்படியே ஸ்கிரிப்டிடம் சொன்னால், பதிலே பார்க்காமல் எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று வரைபடம் போட்டுவிடலாம். ஸ்கிரிப்டுக்கு நில்லும் ஒரு பொதுவான செய்தியும் போதும். முழு விவரம் உங்கள் லாகுக்குப் போகட்டும், எந்த வாடிக்கையாளர், எந்த ஸ்கிரிப்ட், எந்த ஐபி, எவ்வளவு நேரம் என்பதோடு. சாவியும் பாடியும் லாகில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் இரண்டாவது சுவர் ஒன்றை நெட்வொர்க்கிலேயே எழுப்புங்கள், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் உங்கள் நிரலில் பிழை இல்லாதவரைதான். ஸ்கிரிப்ட் ஓட்டுகிற புரொசஸை வேறு யூசரின் கீழ் ஓட்டி, அந்த யூசருக்கு உள் வரிசைகளுக்கும் 169.254.169.254-க்கும் போகிற வழியை ஃபயர்வாலில் அடைத்துவிடலாம். லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் யூசரை வைத்து விதி எழுத முடியும். இன்னும் பெரிதாகச் செய்ய வேண்டுமென்றால் ஸ்ட்ரைப் நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிற ஸ்மோக்ஸ்கிரீன் பிராக்ஸி இருக்கிறது, வெளியே போகிற ரிக்வெஸ்டுகளுக்கென்றே எழுதியது, பெயரைத் தானே ரிசால்வ் செய்து உள் முகவரி என்றால் மறுத்துவிடும். அந்த வழியில் போனால் நான் மேலே சொன்ன பிராக்ஸி நில் விதி மாறும்: சூழல் மாறியை நம்பாமல் ஸ்கிரிப்டின் டிரான்ஸ்போர்ட்டில் அந்தப் பிராக்ஸியை நீங்களே வெளிப்படையாக எழுதுங்கள், கன்ட்ரோல் ஃபங்ஷன் அந்த ஒரு முகவரியை மட்டும் அனுமதிக்கட்டும். பிராக்ஸியை விட்டு வேறு வழியில் வெளியே போவதை ஃபயர்வால் அடைக்கட்டும்.

வெளியிடுவதற்கு முன்னால் சோதனைகளை எழுதிவையுங்கள், லேப்டாப்பில் அல்ல, நிஜ சர்வரைப் போலவே கட்டிய ஸ்டேஜிங் மெஷினில் ஓட்டுங்கள். அங்கே உங்களுடைய ஒரு டொமைனை இலக்காகப் பதிவு செய்து, அதன் டிஎன்எஸ் பதிவை 127.0.0.1-க்குத் திருப்பிவிட்டு, 443 போர்ட்டில் நீங்களே ஒரு சின்ன சர்வரை ஓட்டி வைத்துக் கூப்பிடுங்கள். இது போக, வெளி முகவரியில் உள் முகவரிக்கு 302 திருப்புகிற சர்வர் ஒன்று, பதிலே சொல்லாத ஒன்று, விரிந்துகொண்டே போகிற ஜிஜிப் அனுப்புகிற ஒன்று. அப்புறம் அந்தப் பெயரை 169.254.169.254-க்குத் திருப்பி, அந்த ஒரு டெஸ்டுக்கு மட்டும் 80 போர்ட்டைத் திறந்து, புட் முறையில் டோக்கன் கேட்கிற ஸ்கிரிப்ட் ஒன்று. இந்தக் கடைசி ஸ்கிரிப்ட் தோற்றது என்பதோடு விட்டுவிடாமல் எப்படித் தோற்றது என்று லாகில் பாருங்கள். கன்ட்ரோல் ஃபங்ஷன் மறுத்தது என்று உடனே பதிவாகியிருந்தால் சரி. நேர வரம்பு முழுதும் ஓடி டைம்அவுட்டில் முடிந்திருந்தால் ரிக்வெஸ்ட் வெளியே போயிருக்கிறது, தடுத்தது உங்கள் நிரல் அல்ல.